பள்ளியை முடிக்காதவர்களைக் கல்லூரிக்கு அழைத்த ஊர்

‘பள்ளிப் படிப்பை முடிக்கவில்லையா? இன்றே கல்லூரியில் சேருங்கள்.’ 2007-ல் டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில் ஒரு பள்ளி நிர்வாகம் ஏறக்குறைய இந்தப் பொருளில் விளம்பரம் செய்தது. முதல் தடவை படித்தபோது ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பள்ளியை முடித்தால்தானே கல்லூரி? முடிக்காதவனை எந்தக் கல்லூரி வாசலில் விடும்?

பிழை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாட அலகு) சேர்ப்பது பல பத்தாண்டுகளாக இருந்து வரும் ஏற்பாடு. 1950களில் தொடங்கிய ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) எனும் கல்லூரித் தரப் பாடங்கள், 1970களின் தொடக்கத்தில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் தன் பாடங்களைப் பள்ளி வகுப்பறைக்கே கொண்டுபோன திட்டம், பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிப் பாடம் எடுக்கலாம் என்று 1985-ல் மினசோட்டா போட்ட சட்டம் என்று அதற்கு நீண்ட வரலாறு உண்டு. இவற்றில் பெரும்பாலானவை நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவானவை. வகுப்பில் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரனுக்கு ஒரு படி மேலே வேலை கொடுப்பதுதான் நோக்கம். தென் டெக்சஸில் நடந்தது இதன் தலைகீழ். அதனால்தான் இந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டேன்.

ஃபார், சான் ஹுவான், அலமோ மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். தெற்கே சில மைல்களில் ரியோ கிராண்டே ஆறு, அக்கரையில் மெக்சிகோவின் ரெய்னோசா. ஃபார் பாலத்தின் வழியாகக் காய்கறி, பழ லாரிகள் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே பள்ளி மாவட்டம். ஊர்ப் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து பி.எஸ்.ஜே.ஏ. என்கிறார்கள். (பள்ளி மாவட்டம் என்றதும் நம் வருவாய் மாவட்டத்தை நினைக்க வேண்டாம். தானே வரி விதித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் கீழ், பள்ளிகளை மட்டும் நடத்தும் தனி அமைப்பு அது.) மாணவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். கிட்டத்தட்ட எல்லோருமே மெக்சிகோ வழி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். பத்தில் ஒன்பது பேர் அரசுக் கணக்குப்படி ஏழைகள். பயிர் அறுவடைக்காக ஆண்டில் சில மாதம் வடக்கே போய்வரும் குடும்பங்களும் உண்டு.

2007-ல் அங்கே கண்காணிப்பாளராக, அதாவது பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக, வந்தவர் டேனியல் கிங். அப்போது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த 100 பேரில் நான்கே ஆண்டில் பள்ளியை முடித்து வெளியே வந்தவர்கள் 62 பேர்தான். மாநிலம் முழுவதற்கும் அந்தக் கணக்கு 78. அந்த ஆண்டு மட்டும் கடைசி வகுப்புவரை வந்துவிட்டு, பட்டயம் (பள்ளி முடித்ததற்கான சான்று) வாங்காமல் வீட்டுக்குப் போனவர்கள் 200-க்கும் மேல். சிலருக்கு மாநில இறுதித் தேர்வில் கணக்கு நின்றுபோயிருந்தது, சிலருக்கு இரண்டு பாடம், மூன்று பாடம் பாக்கி.

நம்மூரில் இதற்கு ஒரு வழி இருந்தது. ப்ளஸ் டூவில் கோட் அடித்தவன் டுடோரியலுக்குப் போவான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி, சுவரெல்லாம் பாஸானவர்களின் போட்டோ, அதே பழைய பாடம், அதே பழைய நோட்ஸ். அமெரிக்காவிலும் விட்டவர்களைத் திரும்பக் கொண்டுவரும் பள்ளிகள் பெரும்பாலும் இதே தினுசுதான். விட்ட பாடத்தை மறுபடி நடத்துவார்கள், அதுவும் கொஞ்சம் நீர்த்துப்போனதாக. ஒருமுறை வெட்கப்பட்டு வெளியேறிய பையன், அதே வெட்கத்தை இன்னொரு தடவை அனுபவிக்க எதற்கு வருவான்? நீ தோற்ற இடத்துக்கே திரும்பி வா என்று யார் கூப்பிட்டாலும் கால் நகராது.

கிங் கூப்பிட்டது வேறு இடத்துக்கு. அந்த இலையுதிர் காலத்திலேயே புதிதாக ஒரு பள்ளி திறந்தார்கள். பெயரிலேயே கல்லூரி முதலில் வரும்: காலேஜ், கேரியர் அண்ட் டெக்னாலஜி அகாடமி. அலுவலர்களும் ஆசிரியர்களும் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே வந்தவனுக்குச் சொன்ன கணக்கு எளிது. பாக்கி இருப்பதை இங்கே முடி. முடித்துக்கொண்டிருக்கும்போதே சவுத் டெக்சஸ் கல்லூரியின் பாடத்தையும் எடு, கட்டணம் உன் தலையில் இல்லை. கடைசிப் பாக்கி தீரும் அன்று உன் கையில் பள்ளிப் பட்டயமும் இருக்கும், கல்லூரியில் ஒரு காலும் இருக்கும்.

வேறொன்றும் தற்செயலாகக் கைகொடுத்தது. அதே 2007-ல் டெக்சஸ் சட்டமன்றம், 21 வயதைத் தாண்டியவர்களையும் 26 வயதை எட்டும்வரை பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் மாநிலம் பணம் தரும் என்று சட்டம் போட்டது. கைக்குழந்தையோடு இருக்கும் 22 வயதுப் பெண்ணும் இனி மாவட்டத்துக்கு வெறும் செலவாக இல்லை, நிதியோடு வரும் மாணவி. இந்தச் சட்டம் இல்லாமல் அந்தப் பள்ளி எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான். நல்ல எண்ணம் கதவைத் தட்டும் வரைக்கும் வரும். மாதாமாதம் சம்பளம் போடுவதற்குச் சட்டம் வேண்டும்.

கிங்குக்கு இது முதல் முயற்சியும் அல்ல. அதற்கு முன் பக்கத்திலிருக்கும் சின்ன மாவட்டமான ஹிடால்கோவில் இருந்தார். அங்கே 2005 வாக்கில் ஏர்லி காலேஜ் என்ற யோசனை வந்தது. பள்ளியும் பல்கலைக்கழகமும் கைகோத்து, தேர்ந்தெடுத்த ஒரு சிறு கூட்டத்துக்குக் கல்லூரிப் பாடம் கொடுப்பது என்பதுதான் வழக்கமான வடிவம். கிங், கொடுத்தால் எல்லோருக்கும் கொடுப்போம் என்றார். ஒரே உயர்நிலைப் பள்ளி உள்ள ஊரில் நூறு பேரைப் பொறுக்கினால் மிச்சப் பேருக்கு நாம் என்ன சொல்கிறோம் என்று ஆகிவிடும் அல்லவா. முழுக்க அந்த ஏற்பாட்டில் படித்து 2010-ல் வெளியேறிய முதல் அணியில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஓர் அளவு கல்லூரிக் கிரெடிட்டோடு போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது ஒரு செமஸ்டர் அளவுக்குச் சேர்த்திருந்தார்கள்.

1301 என்றால் என்ன

இந்தக் கிரெடிட் என்ற சமாசாரம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இங்கேதான் பல பெற்றோர் தடுக்கி விழுகிறார்கள்.

டெக்சஸில் அரசுக் கல்லூரிகளின் தொடக்கநிலைப் பாடங்களுக்குப் பொதுவான எண் முறை ஒன்று உண்டு. ‘இங்கிலீஷ் 1301’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 1 என்றால் முதலாண்டுப் பாடம். அடுத்த 3 என்றால் மூன்று கிரெடிட், அதாவது ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் மூன்று மணி நேரம். கடைசி இரண்டு இலக்கம் அந்தப் பாடத்தின் அடையாளம். கால்குலஸின் முதல் பாடம் 2413. அப்படியென்றால் இரண்டாமாண்டுத் தரம், நான்கு கிரெடிட். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். இரண்டாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 60 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 120. டெக்சஸில் எந்த இளநிலைப் பட்டத்துக்கும் பொதுவாக உள்ள அடிப்படைத் தொகுப்பு 42.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இங்கிலீஷ் 1301 எடுக்கிறாள் என்று வையுங்கள். பெரும்பாலும் அவள் எங்கும் போக வேண்டியதில்லை. அதே பள்ளி, அதே மேசை, அதே மணி. பாடத்திட்டம் மட்டும் கல்லூரியுடையது. மணி அடித்ததும் பக்கத்து வகுப்பில் அவள் தோழி சாதாரண ஆங்கிலம் படிக்கிறாள், இவள் கல்லூரிக் கட்டுரை எழுதுகிறாள். செமஸ்டர் முடிவில் அவள் வாங்கும் மதிப்பெண் இரண்டு ஏடுகளில் ஏறும். பள்ளி மார்க் ஷீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் என்று, கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் 1301 என்று. ஒரே உழைப்பு, இரண்டு பதிவு. டூயல் கிரெடிட் என்ற பெயரே அதனால்தான்.

ஏ.பி. பாடம் இப்படி அல்ல. அங்கே ஆண்டு முழுக்கப் படித்துவிட்டு மே மாதம் ஒரு தேர்வு, ஒன்று முதல் ஐந்துவரை ஒரு மதிப்பெண். அந்த எண்ணைப் பார்த்துக் கிரெடிட் தரலாமா வேண்டாமா என்று பிற்பாடு சேரும் கல்லூரி முடிவுசெய்யும். நம் பொதுத்தேர்வு மாதிரி, ஒரு நாள் சறுக்கினால் போயிற்று. டூயல் கிரெடிட்டில் செமஸ்டர் முழுக்க எழுதியது, ஒப்படைத்தது எல்லாம் கணக்கில் வரும். பரீட்சை அறையில் கை நடுங்குகிற பிள்ளைக்கு எது தோது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏ.பி.யில் சொதப்பினால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமலே இருந்துவிடலாம். டூயல் கிரெடிட்டில் பதினாறு வயதில் வாங்கிய ‘டி’ கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் உட்கார்ந்துகொள்ளும். பிற்பாடு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அந்த ஏட்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

நுழைவதற்கும் ஒரு தடை உண்டு. கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்க மாநில அளவில் ஒரு தேர்வு, டி.எஸ்.ஐ.ஏ. எனப்படுவது. இன்றைய வடிவம் 2021-ல் வந்தது. கணக்கில் 950 வாங்கினால் நேராக உள்ளே. பள்ளியையே முடிக்காதவனைக் கல்லூரிக்கு அழைத்தவர்களுக்கு இந்த மாதிரித் தடை புரியாமல் இருந்திருக்காது. ஆகவே முழுக்கத் தேர்வை நம்பிய பாடங்களோடு, நுழைவுத் தடை தாழ்வாக உள்ள தொழிற்பாடங்களையும் வைத்தார்கள். வெல்டிங், மருத்துவ அலுவலகச் சொற்கள், இந்த மாதிரி. கல்லூரி என்றதும் இலக்கியக் கட்டுரை மட்டுமே நினைவுக்கு வருகிற நமக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் வெல்டிங் சான்றிதழோடு வெளியே வந்த பையனை ஏமாந்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாடம் நடத்துபவர் யார், பணம் கொடுப்பவர் யார்

ஓர் ஆளை வைத்து இரண்டு வேலை வாங்கும் ஏற்பாடு என்பதால், அந்த ஆள் யார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. பள்ளி ஆசிரியரே கல்லூரிப் பாடம் நடத்த வேண்டுமென்றால், முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 கிரெடிட் அளவு முதுநிலைப் படிப்பும் வேண்டும் என்பது தென் மாநிலக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பு வைத்திருக்கும் வழக்கமான அளவுகோல். கல்வியியலில் முதுகலை வாங்கிய ஆசிரியர்கள் நிறைய. ஆங்கிலத்திலோ கணக்கிலோ 18 கிரெடிட் வைத்திருப்பவர்கள் குறைவு. எல்லைப் பகுதிப் பள்ளிகளில் இன்னும் குறைவு. பி.எஸ்.ஜே.ஏ. தன் ஆசிரியர்களை அருகிலிருந்த அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி படிக்க வைத்தது. பத்திரிகைகளில் பட்டமளிப்பு அங்கி போட்ட மாணவர் படம்தான் வரும். வேலை முடிந்து வந்து இரவில் கல்வெட்டு மாதிரி புள்ளியியல் படித்த அந்த ஆசிரியர் படம் வராது. இந்தத் திட்டத்தின் கஷ்டமான பகுதி அவர்தான் என்று நினைக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். சவுத் டெக்சஸ் கல்லூரி 1993-ல் தொடங்கிய சமுதாயக் கல்லூரி, பக்கத்து மெக்காலனில் தலைமையிடம். கூட்டு வைத்துக்கொண்ட மாவட்டங்களின் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அது தள்ளுபடி செய்தது. கல்லூரிக்கு நஷ்டம் இல்லையா? மாநிலம் அந்தப் பாடத்துக்குப் பள்ளிக்கும் பணம் தந்தது, கல்லூரிக்கும் தந்தது. ஒரே நாற்காலிக்கு இரண்டு வாடகை என்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இரட்டை வாடகை இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மாணவனைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்த்திருக்கும். மினசோட்டாவில் மாணவன் கல்லூரிக்குப் போனதும் பணமும் அவன் பின்னாலேயே போயிற்று. அதனால் பள்ளிகள் முகம் சுளித்தன. மனிதர்களின் தாராள மனத்தை நம்பித் திட்டம் போடாமல் கணக்குப் புத்தகத்தை நம்பிப் போட்டது டெக்சஸ். அது கொஞ்சம் செலவு, ஆனால் ஓடியது.

2006-லேயே மாநிலம், ஒவ்வொரு மாவட்டமும் மாணவர்களுக்குக் குறைந்தது 12 கல்லூரிக் கிரெடிட் சேர்க்கும் வாய்ப்பு தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2015-ல் ஒரு செமஸ்டரில் இத்தனைதான், இந்த வகுப்புக்கு மேல்தான் என்றிருந்த கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன, மடை திறந்த கதைதான்.

செல்லும் காசு, கிடைக்காத சாமான்

கிரெடிட் கையில் இருக்கிறது. அது எங்கே செல்லும்?

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் என்றால் சட்டமே காவல். 42 கிரெடிட் அடிப்படைத் தொகுப்பை ஓர் அரசுக் கல்லூரியில் முடித்துவிட்டால், அடுத்த அரசுக் கல்லூரி அதை மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மாநிலத்துக்கு வெளியே போனால் உத்தரவாதம் இல்லை. பள்ளி வளாகத்திலேயே எடுத்த பாடத்தை ஏற்கமாட்டோம் என்று சொல்லும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன.

உள்ளூரிலேயே இன்னொரு சிக்கல். ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்தின் கணக்கில் சேர்ப்பது வேறு. ஒரு பையன் பள்ளியை முடிக்கும்போது 60 கிரெடிட், கையில் இரண்டாண்டுப் பட்டம். குடும்பமே குதூகலிக்கிறது. அவன் சேர நினைப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அடிப்படைத் தொகுப்பில் கணக்குக்காக அவன் எடுத்தது புள்ளியியல். சட்டப்படி அது சரி. ஆனால் இன்ஜினியரிங்குக்கு வேண்டியது கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. அதுவே நான்கு செமஸ்டர். அந்தச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இயற்பியலும் மற்ற தொழில்நுட்பப் பாடங்களும் தொங்குகின்றன. ஆக, காகிதத்தில் அவன் மூன்றாமாண்டு மாணவன், வகுப்பில் முதலாண்டு. வரலாறும் அரசியலும் ஆங்கிலமும் முடிந்துவிட்டதால் செமஸ்டருக்கு ஒரு பாடம் குறையும். சுமை இறங்கும், ஆண்டு அவ்வளவாகக் குறையாது. காசு செல்லும்தான், அவன் வாங்க வந்த சாமான்தான் அந்தக் கடையில் இல்லை.

இதே 60 கிரெடிட்டோடு ஒரு பெண் வரலாறோ உளவியலோ படிக்கப் போனால் உண்மையிலேயே இரண்டு ஆண்டு மிச்சமாகலாம். ஒரே அளவு கிரெடிட், ஒருவருக்குப் பாதி வழி, இன்னொருவருக்குக் கால் வழிகூட இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பெருமைப்படும் பள்ளி அறிக்கைகளில் இந்த வித்தியாசம் தெரியாது. பி.எஸ்.ஜே.ஏ.வைப் பின்பற்றிய பல மாவட்டங்கள் கற்றுக்கொள்ளாமல் விட்டதும் இதுதான் என்பது என் கணிப்பு.

மாநிலம் தாமதமாக விழித்துக்கொண்டது. 2019-ல் ஒரு சட்டம்: டூயல் கிரெடிட்டில் 15 கிரெடிட் சேர்த்த மாணவர், எந்தப் பட்டத்தை நோக்கிப் போகிறார் என்று ஒரு திட்டத்தைப் பதிவுசெய்ய வேண்டும். 2023-ல் வந்த சட்டம் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இந்தப் பாடங்களை இலவசமாக்கியது. கூடவே, மாணவர் 15 கிரெடிட்டாவது உருப்படியாக, அதாவது ஒரு படிப்புக்குப் பொருந்துவதாக, சேர்த்தால்தான் சமுதாயக் கல்லூரிக்கு அந்த வகையில் பணம் என்றும் வைத்தது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் என்ன ஆகப்போகிறாய் என்று படிவம் நீட்டுவது கொடுமைதான். ஆனால் கேட்காமல் விட்டதன் விலையை மேலே பார்த்தோம்.

டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் இருக்கும் நம் வீடுகளில் இந்தப் பேச்சு வேறு திசையில் போகும். அங்கே கவலை ரேங்க். 1997 சட்டப்படி பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் தனக்கென அதைக் குறைத்துக்கொண்டே வந்து, 2026 சேர்க்கைக்கு ஐந்து சதவீதத்தில் நிற்கிறது. ரேங்க் கணக்கில் ஏ.பி.க்கு எவ்வளவு கூடுதல் மதிப்பு, டூயல் கிரெடிட்டுக்கு எவ்வளவு என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதனால் ஒரு பிள்ளைக்கு ஏணியாக இருக்கும் பாடத்தை, இன்னொரு பிள்ளை ரேங்க்கில் அரைப்புள்ளி போய்விடும் என்று தொடாமல் விடுகிறது. கிங் எதற்காக இதைத் தொடங்கினாரோ அதற்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நூற்றில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் பள்ளியை முடிக்கிறார்கள் என்று, பி.எஸ்.ஜே.ஏ.யில் 62-ஆக இருந்த அந்த எண், 2010-ல் 87. மூன்றே ஆண்டில் 25 புள்ளி. அதே காலத்தில் மாநிலம் முழுவதும் 78-லிருந்து 84-க்கு வந்தது. ஏற்றம் எல்லா ஊரிலும் இருந்தது, ஆகவே 25-ம் கிங் கணக்கில் சேராது. ஆனால் மாநிலத்துக்கு 16 புள்ளி கீழே இருந்த ஊர் மாநிலத்தைத் தாண்டிப் போனதை மொத்தக் காற்றின் மேல் போட்டுவிடவும் முடியாது.

இன்னொரு நுணுக்கம். இந்த விகிதம் நான்கு ஆண்டில் முடித்தவர்களை மட்டும் எண்ணுகிறது. 22 வயதில் திரும்பி வந்து முடித்த பெண் இந்த 87-ல் இல்லை. விட்டவர்களை மீட்ட பள்ளியின் நேரடிப் பலன் பெருமளவு இந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறது. அப்படியானால் 87-ஐ உயர்த்தியது எது? அண்ணன் திரும்பிப் போய்க் கல்லூரிப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்த தம்பியா, மாவட்டம் முழுக்க மாறிய பாட ஏற்பாடா, இல்லை ஒவ்வொரு பெயரையும் பட்டியல் போட்டுத் துரத்திய நிர்வாகமா? மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ததால் பிரித்துப் பார்க்க வழியில்லை. எல்லோருக்கும் கொடுத்த திட்டத்தில் ஒப்பிட ஆள் மிஞ்சமாட்டார்கள்.

ஒப்பிட ஆள் மிஞ்சிய இடங்களும் உண்டு. நாட்டின் வேறு சில ஏர்லி காலேஜ் பள்ளிகளில் இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்ததால் குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் தொடர்ந்து கவனித்து 2013-ல் அறிக்கை தந்தது. சீட்டு விழுந்தவர்களில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 80 சதவீதம், விழாதவர்களில் 71. ஆய்வு முடிவதற்குள் ஏதாவது ஒரு கல்லூரிப் பட்டமோ சான்றிதழோ வாங்கியவர்கள் 22 சதவீதம், மற்றவர்களில் 2. இந்த இரண்டாவது இடைவெளி பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம், இவர்கள் ஓட்டத்தை முன்னதாகவே தொடங்கிவிட்டார்கள் என்பது. அதைக் கழித்துப் பார்த்தாலும் முதல் இடைவெளி அப்படியே நிற்கிறது.

தரம் குறையாதா என்ற கேள்வி மட்டும் பாக்கி. குறைகிற இடங்கள் உண்டு. மணி அடித்தால் எழுந்து போகும் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பெயர்ப்பலகையை மட்டும் 1301 என்று மாற்றினால் அது கல்லூரிப் பாடம் ஆகிவிடாது. அடுத்த பாடமான 1302-ஐக் கல்லூரி வளாகத்தில் போய் எடுக்கிற நாளில் அது தெரிந்துவிடும். ஃபாரில் கதவைத் தட்டி அழைத்துவரப்பட்ட அந்த 200 பேருக்கு இருந்த மாற்று வழி, ஆனால், நல்ல தரமான 1301 அல்ல. கணக்கில் நின்றுபோன ஒரு தேர்வும், வீட்டுத் திண்ணையும்தான்.